மலைக் குளிரை நம்பி டிஸ்க்கை அலமாரியில் வைக்காதீர்கள்

ஊட்டியில் ஏசியே வேண்டாம், சர்வர் வைக்க இதைவிட நல்ல இடம் எது? எஸ்டேட் ஆபீஸ், நூலகம், சர்ச், ஊர்ச் சங்கம் என்று பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து சேர்க்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பாதி சரி. குளிர் காசில்லாமல் கிடைக்கிறது. அதனுடன் ஈரமும் கிடைக்கிறது. பழைய ரிஜிஸ்டரில் பூஞ்சணம் பிடிக்கவைக்கும் அதே ஈரம்தான் டிஸ்க்கின் இணைப்பு முனைகளைக் கறுக்கவைக்கிறது, டேப்பை உப்பவைக்கிறது. ஆகவே டெராபைட் கணக்குக்கு முன்னால் அறையின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஜூலை மூட்டத்தில் ஊட்டியில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை 14 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்று இருப்பது சாதாரணம். பேக்கப்புக்குப் பயன்படும் எல்டிஓ காந்த டேப்பை நெடுநாள் வைக்கச் சொல்லப்படும் அளவு 16 முதல் 25 டிகிரி, 20 முதல் 50 சதவீதம். அறையில் உள்ள அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 62-க்கு இறங்கும். 22 டிகிரியில் 54. ஐம்பதுக்குக் கீழே போக 24 டிகிரி வேண்டும். எட்டு டிஸ்க் ஓடும் சர்வர் 100 வாட்டுக்கு மேல் சூடு விடும், சின்ன அறைக்கு அதுவே ஹீட்டர். அதனால் மாலையில் ஆபீஸைப் பூட்டும்போது சர்வரையும் அணைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை மலையில் விட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பெட்டி மேல் காலையில் கதவைத் திறந்ததும் மூட்டம் வந்து படியும். பத்து மணிக்கு அதே ஈரத்தோடு ஸ்விட்சைப் போடுகிறோம். ஜனவரி உறைபனிக் காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் 5 டிகிரிக்குக் கீழே ஓட வைக்கக்கூடாதவை. விடியற்காலையில் கரண்ட் வந்து சர்வர் தானாக எழுந்துகொள்ளும்படி வைத்திருந்தால் அந்தக் குளிரிலேயே டிஸ்க் சுழலத் தொடங்கும். அந்த உறைபனிக் காலத்துக்காவது தானியங்கித் தொடக்கத்தை பயாஸில் (கணினியின் அடிப்படைத் தொடக்க அமைப்பில்) நிறுத்திவைத்து, அறை சூடேறிய பிறகு கையால் போடுங்கள்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது கம்ப்ரஸர் வகை. 15 டிகிரிக்குக் கீழே அதன் சுருளில் பனி பிடித்து, தண்ணீர் இறங்காமல் சத்தம் மட்டும் போடும். சக்கரத்தில் ஈரத்தை உறிஞ்சிச் சூடான காற்றால் வெளியேற்றும் டெசிகன்ட் வகைதான் மலைக்குப் பொருந்தும். கொஞ்சம் சூடாகக் காற்று விடும், அதுவும் நமக்கு நல்லதுதான்.

டேப்புக்கும் சும்மா இருக்கும் டிஸ்க்குக்கும் கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ட்ரை கேபினெட் போதும். 40 முதல் 45 சதவீதத்தில் வைத்தால் போதும். அது வாங்க முடியாவிட்டால் ரப்பர் விளிம்பும் கிளிப்பும் உள்ள பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நிறத்தைவிடத் தராசு நம்பகமானது. காய்ந்த ஜெல் பையை எடைபோட்டு அதன் மேலேயே எழுதிவிடுங்கள். எடை 15 சதவீதம் ஏறிவிட்டால் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து, ஆறியதும் உடனே டப்பாவுக்குள் போட வேண்டும். ஆறவைக்கும்போது திறந்து வைத்தால் மூட்டத்தை அது அங்கேயே குடித்துவிடும்.

ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். சோடா மூடியில் உப்பைப் போட்டுச் சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் போட்டு எட்டு மணி நேரம் அறையில் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 81 காட்டினால் அந்த மானி 6 கூட்டிச் சொல்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? இதை ஊகிக்காமல் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஏ3 அளவுப் பேரேட்டுப் பக்கம் 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), 24 பிட் நிறம், சுருக்காத டிஃப் படக்கோப்பு என்றால் 93 எம்பி. லட்சம் பக்கம் 9.3 டெராபைட் (டிபி). 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள ஓலைச்சுவடியின் ஒரு பக்கம் 600 பிபிஐயில் 27 எம்பி. பழைய கேசட்டில் கிடக்கும் பாட்டையும் பேச்சையும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் எடுத்தால் மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட் மணிக்கு 13 ஜிபி. லட்சம் பக்கம், ஆயிரம் மணி நேர ஒலி, ஐந்நூறு மணி நேர வீடியோ எல்லாம் சேர்ந்தால் 18 டிபி வரும். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டு 40 டிபிக்குத் திட்டமிடலாம்.

ஸ்கேன் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதற்குப் பழனி மலையிலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைத் தகட்டிலும் பிலிமிலும் படமெடுத்து வைத்திருக்கிறது. முதலில் 8 பிட்டில் செய்த இலக்கமாக்கம் ஆய்வுக்குப் போதவில்லை. பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனம் 4096-க்கு 4096 புள்ளி, 16 பிட் என்று திரும்பச் செய்தது. படத்துக்கு 33.5 எம்பி, ஐம்பதாயிரம் படம் என்று வைத்தாலும் 1.7 டிபிக்குள் அடங்கிவிடும். அந்தத் தகடுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இரண்டாம் முறை செய்ய முடிந்தது. ஸ்கேன் முடிந்துவிட்டதே என்று அசலைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் இடங்கள் இன்றும் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள்.

40 டிபிக்கு 12 டிபி டிஸ்க் எட்டு, இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பில் ரெய்டு-இசட்2 என்ற முறையில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போனாலும் டேட்டா தப்பிக்கும். பயன்படுத்த மிஞ்சுவது 72 டிபி, கணினி காட்டும் கணக்கில் 65.5 டெபிபைட். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் எழுதும் வேகம் விழும். ஆகவே கைக்கு வருவது 52 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளைத் தானே ஒன்றாக்கிக் காட்டும் ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்க்கை நேராகக் காட்டும் எச்பிஏ கார்டு போதும். ரேம் பிழையைத் திருத்தும் ஈசிசி வகையாக 16 ஜிபியாவது இருக்கட்டும். டிஸ்க் வாங்கும்போது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, மாற்று டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்பக் கட்டும்போதுதான் நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பாதியில் பூலிலிருந்தே (சேர்த்துக் கட்டிய டிஸ்க் கூட்டத்திலிருந்தே) கழன்றுவிடும். சிஎம்ஆரிலேயே 12 டிபி டிஸ்க்கைத் திரும்பக் கட்ட ஒரு நாள் ஆகலாம். மற்ற ஏழும் மூச்சுவிடாமல் வேலை செய்யும் நேரம் அது, அடுத்தது விழுந்தால் அப்போதுதான் விழும். ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு-இசட்1 போதாது என்பது இதனால்தான்.

எட்டையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே நாளில் செய்த டிஸ்க்குகள் ஒரே வயதில் நோய்ப்படும். வந்ததும் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் பேட்பிளாக்ஸ் சோதனையை நான்கு சுற்றும் ஓட்டுங்கள், 12 டிபிக்கு ஆறு நாள் வரை எடுக்கும். அந்த ஆறு நாளைச் சேமிக்க நினைப்பவர்கள் அதைப் பின்னால் வட்டியோடு கட்டுகிறார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களைப் பாருங்கள். 197 (படிக்க முடியாமல் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யத்திலிருந்து நகர்ந்து அங்கேயே நின்றால் மாற்று டிஸ்க்கை ஆர்டர் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் அதன் தட்டின் முன்பக்கம் ஒட்டிவையுங்கள். செத்த டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் இந்த வேலையில் மனிதர்கள் செய்யும் மிகப் பழைய தவறு.

உயரத்தைப் பற்றியும் கேட்பதுண்டு. டிஸ்க்கின் தலை மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது, அதனால் காற்றடைத்த டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் என்று எல்லை போட்டிருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், கவலையில்லை. ஹீலியம் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி, அதற்கு வெளிக்காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த சூட்டைத்தான் தள்ளும். சூடு வேண்டுமென்று சர்வரை மர பீரோவுக்குள் வைத்து அடைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு டிஸ்க் சூட்டை 40 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேப் எப்போது? 50 டிபிக்குள் என்றால் டேப்பை எழுதிப் படிக்கும் டிரைவின் விலை கட்டுப்படியாகாது, இரண்டாம் பிரதியையும் டிஸ்க்கிலேயே வைக்கலாம். 100 டிபியை நெருங்கும்போது டேப்பைப் போல வேறில்லை. அலமாரியில் கரண்ட் குடிக்காமல் கிடக்கும், எழுது-தடுப்பு நாக்கைத் தள்ளிவிட்டால் கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தொட முடியாது. எல்டிஓ-9 டேப் 18 டிபி. அட்டையில் 45 என்று போட்டிருப்பது சுருக்கத்தைச் சேர்த்த கணக்கு. ஏற்கெனவே சுருக்கிய படமும் ஒலியும் மேற்கொண்டு சுருங்காது, 18 என்றே எண்ணுங்கள்.

அந்த டேப்பின் அகலம் 12.65 மில்லிமீட்டர். அதில் 8,960 தடங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு தடத்துக்கு ஒன்றரை மைக்ரான்கூட இல்லை. பிளாஸ்டிக் படலம் ஈரத்தில் அகலும், காய்ந்தால் சுருங்கும். 90 சதவீத அறையில் எழுதிய டேப்பை 40 சதவீதத்தில் படிக்கப் போனால், தடம் இருந்த இடத்தில் இருக்காது. இதற்காகவே எல்டிஓ-9 டேப்பை முதல்முறை டிரைவில் போடும்போது அளவுபடுத்தல் ஒன்று நடக்கும். சராசரியாக 40 நிமிடம், சில டேப்புக்கு 2 மணி நேரம். தொங்கிவிட்டது என்று நினைத்து வெளியே எடுக்காதீர்கள். அதற்கு முன்பு டேப்பை டிரைவ் இருக்கும் அறையிலேயே ஒரு நாள் கிடத்தி, அந்த அறையின் காற்றுக்குப் பழக விடுங்கள்.

டேப் டிரைவ் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் விழுங்கும். சாதாரண ஜிகாபிட் நெட்வொர்க் 110-தான் தரும். தீனி போதாவிட்டால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடிப் பிடிக்கும். இப்படியே முன்னும் பின்னும் போனால் டேப்பும் தலையும் தேயும். அதே கணினியின் உள் டிஸ்க்கில் முதலில் சேர்த்து வைத்துவிட்டு அங்கிருந்து எழுதுங்கள். லட்சம் சின்னக் கோப்பை அப்படியே எழுதாமல் பல கோப்பை ஒன்றாக்கும் டார் முறையில் 100 ஜிபி அளவுக் கட்டுகளாகக் கட்டுங்கள். தலைமுறையையும் மறக்கக்கூடாது. எல்டிஓ-9 டிரைவ் 8, 9 இரண்டை மட்டும் படிக்கும். 2025-இல் வந்த எல்டிஓ-10 டிரைவ் எல்டிஓ-9 டேப்பைப் படிக்கவே படிக்காது. டேப் முப்பது வருடம் இருக்கும் என்ற பேச்சு டிரைவுக்குப் பொருந்தாது. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய டேப்புக்கு மாற்றும் செலவை இன்றைக்கே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி இரண்டிலும் ஆவணத்தைப் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சார்ஜ் கசியும். தேய்ந்து முடிந்த நிலையில் ஒரு சாதாரண எஸ்எஸ்டியிடம் தரநிலை எதிர்பார்ப்பதே 30 டிகிரியில் ஒரு வருடம்தான்.

இனி செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சரிபார்ப்பு எண். இது இல்லாத ஆவணக் காப்பகம் பூட்டு இல்லாத பீரோ. கெட்டுப்போன கோப்பு சத்தம் போடாது. சுருக்காத டிஃப்பில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. எல்இசட்டபிள்யூ முறையில் சுருக்கிய டிஃப்பில் அதே ஒரு பிட் புரண்டால் அந்தப் பட்டையில் அதற்குப் பின்னால் வரும் எல்லாம் வண்ணக் குப்பையாகும். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினால் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தும். ஆனால் அது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். கோப்பு டேப்புக்கும் வெளியூருக்கும் போகும்போது செக்சமும் கூடவே போக வேண்டும். அதற்கு பேக்இட் என்ற எளிய முறை இருக்கிறது, 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. ஒரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் கோப்புகள், வெளியே ஒவ்வொரு கோப்பின் ஷா-256 செக்சம் எண்ணும் பாதையும் எழுதிய மேனிஃபெஸ்ட் என்ற பட்டியல். எந்தக் கணினியிலும் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம். ஸ்கேனரிலிருந்து கோப்பு இறங்கிய அன்றே இதைச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துச் செய்தால், கெட்ட கோப்புக்கே முத்திரை குத்திய கதையாகிவிடும்.

இதில் தமிழுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. கோத்தகிரி என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், யூனிகோடில் அந்தக் 'கோ' இரண்டு விதமாக இருக்கலாம். க-வும் ஓகாரக் குறியும் என்பது ஒன்று. க, இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது 9 குறியீடு, 27 பைட். இரண்டாவது 10 குறியீடு, 30 பைட். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். விண்டோஸில் செய்த மேனிஃபெஸ்ட்டோடு அந்த வட்டுக்குப் போய்த் திரும்பி லினக்ஸ் சர்வருக்கு வந்தால், கோப்பு கண்முன்னே இருக்கும், சரிபார்ப்பு மென்பொருள் 'கோப்பைக் காணவில்லை' என்று சொல்லும். கொடைக்கானலுக்கும் இதே கதிதான், கொ, கோ, கௌ வரும் எல்லாப் பெயருக்கும் இதே கதிதான். நீளத்திலும் இடிக்கும். லினக்ஸில் பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 85 குறியீட்டில் இடம் தீர்ந்துவிடும். ஆகவே கோப்புக்கு எண்ணால் ஆன அடையாளப் பெயர் கொடுங்கள், தமிழ்ப் பெயரை விவரப் பட்டியலில் முழுசாக எழுதுங்கள், அங்கே எல்லாவற்றையும் சேர்த்த வடிவமான என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடுக்கு முந்திய பாமினி, டிஸ்கி, டாப் எழுத்துரு முறைகளின் காலத்து டாக்குமெண்டுகள் வந்தால் அசலைத் தொடாமல், அதன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைத்து, யூனிகோடில் ஒரு பிரதி எடுங்கள். எழுத்துரு தொலைந்துபோன பாமினிக் கோப்பு பிட் பிட்டாகச் சரியாக இருந்தாலும் படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. மரம் விழுந்து லைன் அறுந்தால் மணிக்கணக்கில் வராது, யூபிஎஸ்ஸை அதுவரை தாங்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். ஆன்லைன் வகை யூபிஎஸ் வாங்கி, யூஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்து, பேட்டரி பாதிக்கு வந்ததும் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமைத்தால் போதும். வெளியிலிருந்து வரும் நெட் கம்பி தாமிரமாக இருந்தால் இடி அதன் வழியாகவே உள்ளே வரும். கடைசிப் பத்து மீட்டருக்காவது ஃபைபர் போடுங்கள்.

மூன்றாவது பிரதி மலையில் இருக்கக்கூடாது. ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று என்பது தனித்தனியாகத் தெரியும், ஆனால் ஒரே மழைதான் இரண்டின் மேலும் பெய்கிறது. 2009 நவம்பர் நிலச்சரிவை நீலகிரி மறக்கவில்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கோயம்புத்தூரோ அதற்கு அப்பாலோ ஒரு பிரதி வேண்டும். நெட்டில் அனுப்பலாமே என்றால், 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 20 டிபி போய்ச்சேர 37 நாள், அதுவும் ஒரு நொடியும் நிற்காமல். முதல் பிரதியைக் காரில் கொண்டுபோய், பிறகு சேர்வதை மட்டும் நெட்டில் அனுப்புவதே நடக்கிற காரியம்.

கொண்டுபோகும் விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காலையில் 12 டிகிரியில் இருக்கும் டிஸ்க்கைப் பையில் போட்டு, பர்லியார் வழியாக இறங்கி, 28 டிகிரி, 70 சதவீதம் உள்ள கோயம்புத்தூர் அறையில் திறக்கிறார்கள். அந்தக் காற்றின் பனிநிலை 22 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் கோக்கும், பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல. சர்க்யூட் போர்டு மேல் பூத்த அந்த நீரோடு கேபிளைச் செருகினால் அங்கேயே கதை முடிந்தது. மலையிலேயே, உலர்ந்த அறையில் வைத்து, ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, காற்றைப் பிதுக்கி மூட வேண்டும். அதன் மேல் இன்னொரு பை, பிறகு பஞ்சு வைத்த பெட்டி. கீழே போனதும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். டேப்புக்கும் இதே கணக்கு. பிறகு பிரித்து, எழுது-தடுப்போடு இணைத்து, மேனிஃபெஸ்ட்டை வைத்து எல்லாக் கோப்பையும் சரிபார்த்து, தேதியையும் முடிவையும் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கைச் சுழல விடுங்கள். அதே நாளில் கோப்புக் கட்டுகளில் ஏதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, இந்த வேலையில் இதுவரை பயன்படுத்தாத ஒரு கணினியில் முழுசாக மீட்டுப் பாருங்கள். படம் திறக்கிறதா, ஒலி கடைசி நொடிவரை ஓடுகிறதா, விவரப் பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியாமல் தமிழாகத் தெரிகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும்.